யானையை ஒரே வெடியில் விழுத்தும் தோட்டா எது?

2 பெப்ரவரி 2025, இரவு 10.40

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வேட்டைத் தோட்டாக்களில் ஆகப் பலமானது .577 டைரனோசோர் என்கிறார்கள். அது கையில் இருந்தால் யானையோ காட்டெருமையோ, எங்கே பட்டாலும் ஒரே வெடியில் விழுந்துவிடும் என்பது சரியா? அப்படியானால் ஏன் எல்லோரும் அதையே பாவிப்பதில்லை?”

சரியில்லை. எங்கே பட்டாலும் விழுத்துகிற தோட்டா என்று ஒன்று இல்லை. தோளில் வைத்துச் சுடக்கூடிய அளவில் அப்படி ஒன்றைச் செய்யவும் முடியாது. நான் பஞ்சிகாவத்தையில் லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக இரும்பு கடைகிறேன். அழுத்தம், எடை, வேகம் மூன்றோடும்தான் என் பிழைப்பு. என் தாத்தா அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் துரையின் .577 இரட்டைக்குழல் துவக்கைச் சுமந்துகொண்டு காட்டுக்குப் போனவர். இந்த இரண்டையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் பெயர் விளக்கம். .577 மாதிரி எண்கள் ஏறத்தாழ குழலின் விட்டம், அங்குலத்தில். எந்தத் தொழிற்சாலையும் விற்காத, எந்த அளவுப் பட்டியலிலும் ஏறாத, ஒருவர் தன் கையால் உருவாக்கிய தோட்டாவுக்கு ‘வைல்ட்கேட்’ என்று பெயர். காட்டுப்பூனை. மருந்தையும், பறந்துபோகிற ரவையையும் தாங்குகிற பித்தளைக் கோது, ஏற்கெனவே இருக்கிற ஒன்றை எடுத்து, கழுத்தை விரித்தோ சுருக்கியோ, உடம்பை உப்ப வைத்தோ, நீளத்தை வெட்டியோ புதிதாக ஒன்றை ஆக்குவது. அதற்கேற்றபடி குழலின் அறையையும் புதிதாகக் கடைய வேண்டும். .460 வெதர்பி 1950களின் கடைசியில் வந்ததும், அந்தப் பெரிய கோதிலிருந்து .475 ஏ அன்ட் எம், .500 ஏ-ஸ்குவயர் என்று ஒரு கூட்டமே பிறந்தது. பழைய .577 நைட்ரோ எக்ஸ்பிரஸ் கோதிலிருந்து .585 நியாத்தி வந்தது. நியாத்தி என்றால் ஆபிரிக்க மொழிகளில் காட்டெருமை. பிறகு 2002இல் .600 ஓவர்கில். தேவைக்கு மிஞ்சிய கொலை என்று செய்தவரே பெயர் வைத்துவிட்டார்.

கேட்டவரின் டைரனோசோர் 1993இல் வந்தது. ரவை மட்டும் 48.6 கிராம். அது வினாடிக்கு ஏறத்தாழ 750 மீற்றர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது. சக்தி 13,700 ஜூல் வரும். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியச் சிப்பாய் தூக்கிய .303இன் சக்தி 3,100 ஜூல்தான். நாலு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

3 பெப்ரவரி, காலை 6.15

ஒரு திருத்தம். டைரனோசோரைக் காட்டுப்பூனை என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். கண்டிப்பாகப் பார்த்தால் சொல்லக்கூடாது. ஏ-ஸ்குவயர் கம்பனி தன் பெயரிலேயே துவக்கும் தோட்டாவும் செய்து விற்றது. ஆனால் பிறந்த விதமும் புத்தியும் காட்டுப்பூனையின் வழிதான்.

சுத்தமான காட்டுப்பூனை வேண்டுமானால் .458 லொட்டைப் பாருங்கள். 1956இல் .458 வின்செஸ்டர் மக்னம் வந்தது. கோது 63.5 மில்லிமீற்றர் நீளம். சாதாரண துவக்கில் அடங்க வேண்டும், மலிவாக விற்க வேண்டும் என்பதற்காகக் கட்டையாக்கிவிட்டார்கள். அந்தச் சின்ன வயிற்றுக்குள் மருந்தை நெருக்கித் திணிக்க வேண்டியிருந்தது. திணித்த மருந்து நாள்பட்டால் கட்டிதட்டும், முழுதாக எரியாது. ரவை சொன்ன வேகத்துக்கு வெகு கீழே போகும். ஜாக் லொட் என்ற அமெரிக்கர் 1959இல் மொசாம்பிக்கில் அந்தத் தோட்டாவோடு காட்டெருமையிடம் மாட்டி, படுகாயத்தோடு தப்பினார். 1971இல் .375 கோதை எடுத்து, நேராக விரித்து, கொஞ்சம் வெட்டி 71 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். ஏழரை மில்லிமீற்றர் கூடுதல் நீளம், அவ்வளவுதான். மருந்து மூச்சுவிட இடம் கிடைத்தது. முப்பது வருஷம் கழித்து பெரிய கம்பனிகளே அதைச் செய்து விற்றன. காட்டுப்பூனை வீட்டுப்பூனை ஆயிற்று.

இதைத்தான் நான் மதிக்கிறேன். ஒரு குறை, அந்தக் குறையில் அடிபட்ட ஒரு மனிதர், அளந்து செய்த ஒரு திருத்தம். லொட்டின் சக்தி டைரனோசோரின் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் அது ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தது.

5 பெப்ரவரி, இரவு 11.20

“ஏன் எல்லோரும் அதையே பாவிப்பதில்லை” என்ற பாதிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதில்: தோள்.

மொனராகலைப் பக்கத்தில் என் மாமா கரும்பு செய்கிறார். பயிர்ப் பாதுகாப்புக்கு அரசாங்க லைசன் உள்ள 12 போர் இரட்டைக்குழல் ஒன்று வைத்திருந்தார். 2012இல் ஒருநாள் இரவு, கரும்புக்குள் யானை. வெடிபோட்டு விரட்ட வேண்டும். “வானத்தைப் பார்த்துச் சுடு மருமகனே” என்று என் கையில் தந்தார். முன்விசையை இழுத்தேன். உதையில் விரல் வழுக்கிப் பின்விசையில் விழுந்தது. இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. வரம்பில் மல்லாந்து விழுந்தேன். பெருவிரல் உதட்டைக் கிழித்துவிட்டது. தோள் இரண்டு கிழமை நீலமாகவே இருந்தது. பத்து நாள் லேத்தில் சக் தூக்கி மாட்ட முடியவில்லை.

யானை அசையவில்லை. கரும்பு முறிபடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமி தகரத்தைத் தட்டியபிறகுதான் போனது.

அன்று வாங்கியது இரட்டிப்பு உதை. டைரனோசோர் அதைவிடக் கூட. அப்படியொரு துவக்கால் ஒருவர் முதல் வெடியைப் பயமில்லாமல் வைப்பார் என்றால் நான் நம்பமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுப்பார். கண்ணை மூடியவனின் ரவை எங்கே போகும்?

6 பெப்ரவரி, மதியம் 1.05

நேற்று எழுதியதில் பிழை. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. இரட்டிப்பு இல்லை, நான்கு மடங்கு.

32 கிராம் சன்னம், அதாவது பொடி ஈயக் குண்டுகள், வினாடிக்கு 375 மீற்றரில் முன்னால் போகிறது. அடைப்பும் மருந்துப் புகையும் சேர்ந்தால் மூன்று கிலோத் துவக்கு வினாடிக்கு 5 மீற்றரில் பின்னால் வரும். உதையின் சக்தி ஏறத்தாழ 38 ஜூல். இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தால் பின்னால் வரும் வேகம் இரட்டிக்கும். சக்தியோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 150 ஜூல். அதுதான் என்னை வரம்பில் கிடத்தியது.

அதே கணக்கில் .303 துவக்கு தருவது 16 ஜூல். டைரனோசோர், துவக்கே ஆறு கிலோவுக்குக் கிட்ட இருந்தும், 200 ஜூல் தருகிறது. பாரம் கூடிய துவக்கு என்பதால் இரண்டு குழலும் வெடித்த அந்த 12 போரைவிட மெதுவாகத்தான் வரும், அதாவது வினாடிக்கு எட்டு மீற்றர் அளவில். ஆனால் தள்ளிக்கொண்டே வரும். பெரிய பெரிய ஆட்கள் அதைச் சுட்டுவிட்டுத் துவக்கைக் கைவிடுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்குத் தோள் வலித்தது.

9 பெப்ரவரி, ஞாயிறு

இன்று நேரம் இருக்கிறது.

ஆபிரிக்காவில் கரமோஜோ பெல் என்று அழைக்கப்பட்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். கணக்கு 1,011. அந்தக் கொலைக் கணக்கைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் அதிலிருந்து ஒரு விஷயத்தை மறைக்கவும் முடியாது. பெரும்பாலானவற்றை அவர் சுட்டது 7 மில்லிமீற்றர் துவக்கால். 11 கிராம் ரவை. இன்று மான் சுடவே சிலர் அதைச் சின்னது என்பார்கள். டைரனோசோரில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி. அவர் யானை மண்டையோடுகளை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர். ரவை நீளமாக, மெல்லியதாக, முழுதாக உலோக உறை போட்டு, எலும்பில் நசுங்காமல் நேராகப் போகிறதாக இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டவர்.

யானையின் மூளை நாலைந்து கிலோ இருக்கும். அதைச் சுற்றி ஒரு பெரிய எலும்புக்கூடு. அந்த எலும்பு கெட்டியானது இல்லை, தேன்வதை மாதிரி அறை அறையாகக் காற்று. வெளியிலிருந்து பார்த்தால் தலை முழுவதும் குறி போலத் தெரியும். உண்மையான குறி ஒரு ராத்தல் பாண் அளவைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ளே ஆழத்தில்.

இனி ஒரு சூத்திரம். ஜோன் டெய்லர் என்ற வேட்டைக்காரர் தோட்டாவின் ‘அடித்து விழுத்தும் பலத்துக்கு’ எண் ஒன்று வகுத்தார். ரவையின் எடையைக் கிரெயினில் (ஒரு ராத்தலில் 7,000 கிரெயின்) எடுத்து, வேகத்தை அடியில் பெருக்கி, விட்டத்தை அங்குலத்தில் பெருக்கி, 7,000ஆல் வகுப்பது. பெரிய துவக்கு விரும்பிகள் இதைத்தான் முன்னால் நீட்டுவார்கள். டைரனோசோருக்கு 154 வரும். லொட்டுக்கு 75. பெல்லின் துவக்குக்கு 16.

மகனிடம் இருந்த கிரிக்கெட் பந்தை எடுத்து நான் அதே கணக்கைப் போட்டேன். 160 கிராம், விட்டம் 7.2 சென்ரிமீற்றர், மலிங்க போட்ட வேகத்தில் மணிக்கு 144 கிலோமீற்றர் என்று வையுங்கள். 130 வருகிறது.

சூத்திரத்தின்படி மலிங்கவின் யோர்க்கர் லொட்டை விடப் பலம், டைரனோசோருக்குப் பக்கத்தில், பெல்லின் யானைத் துவக்கைவிட எட்டு மடங்கு. மகன் சிரித்துக்கொண்டே “அப்ப யானைக்கு பேட் குடுக்கணும்” என்றான்.

டெய்லர் முட்டாள் இல்லை. ஒரே வகைக் கெட்டி ரவைகளைத் தங்களுக்குள் ஒப்பிடத்தான் அதைச் செய்தார். தோலுக்கும் எலும்புக்கும் உள்ளே எவ்வளவு தூரம் போகும் என்பது அந்த எண்ணில் இல்லை. அது இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு இது அதைவிடப் பெரிது என்று சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை.

10 பெப்ரவரி, இரவு 9

வத்தளை நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார். பெல் சுட்டது ஒதுங்கி நின்ற, ஒன்றும் அறியாத யானைகளை. பாய்ந்து வருகிற யானைக்கு முன்னால் 7 மில்லிமீற்றரோடு நிற்கிறவன் செத்தான். பெரிய துவக்கு என்பதே ‘நிறுத்தும் துவக்கு’, கொல்லும் துவக்கு இல்லை என்கிறார்.

அவர் சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன். நேற்று அந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மூளைக்குக் கிட்டப் போகிற பாரமான ரவை, மூளையில் படாவிட்டாலும், யானையை ஒரு கணம் மயக்கிவிடும். முழங்கால் மடியும். அந்த ஒரு கணத்தில் இரண்டாவது வெடி வைக்கலாம். கனமான துவக்கு வாங்கித் தருவது அந்தச் சில வினாடிகளைத்தான். இரட்டைக்குழல் துவக்கை வேட்டைக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததும் அதனால்தான்: இரண்டாவது வெடிக்கு விரலை நகர்த்தினால் போதும்.

நம் ஊர்க் கதையும் இதற்குள் வருகிறது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறினவர். நீராவிக் கப்பல்காலத்துத் துரை. அவருடைய துவக்கை பிரிஸ்டலில் கிப்ஸ் செய்தார்: எடை 21 ராத்தல், குழல் மூன்றடி, 85 கிராம் ஈய உருண்டை, ஒரு தடவைக்கு 28 கிராம் கருமருந்து. அதைக்கொண்டு இலங்கையில் யானைகளை நெற்றியில் சுட்டு விழுத்தினார். பிறகு ஆபிரிக்காவுக்குப் போனார். அங்கே அதே நெற்றிக் குறி பலிக்கவில்லை. ஆபிரிக்க யானையின் மண்டை வேறு, தலை தூக்குகிற கோணம் வேறு. இங்கே வருஷக்கணக்கில் கற்றது அங்கே உதவவில்லை. துவக்கு குறைந்துபோகவில்லை. குறி மாறிவிட்டது.

15 பெப்ரவரி

வெயில் தாங்கவில்லை. பட்டறைக்குள் நின்றால் தகரக் கூரை தலையில் இறங்குகிறது. இந்த வெயிலுக்கும் பெரிய தோட்டாக்களுக்கும் ஒரு உறவு இருக்கிறது, பலர் கவனிக்காதது.

1898இல் ஜோன் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸை வெளிவிட்டார். கருமருந்து போய், கோர்டைட் என்ற புகையில்லா மருந்து வந்த காலம். கோர்டைட் வெப்பத்துக்குக் குணம் மாறும். லண்டன் குளிரில் ஒழுங்காக எரிகிறது, கொழும்புத் துறைமுகத்தில் வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டால் அழுத்தம் ஏறிவிடும். ஏறினால் பித்தளைக் கோது அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். யானை வருகிறது, கோது வெளியே வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் அந்தக் காலத்து நைட்ரோ எக்ஸ்பிரஸ் கோதுகள் அவ்வளவு நீளம், அவ்வளவு பெரிய வயிறு. வெறும் இடம் விட்டு அழுத்தத்தைக் கீழே வைத்தார்கள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு இன்றைய ஐரோப்பிய அளவின்படி உச்ச அழுத்தம் 2,700 பார். .460 வெதர்பிக்கு 4,400 பார்.

எங்கள் பட்டறைக்கு வரும் நல்ல ஹைட்ரோலிக் ஜாக் சில நூறு பாரில் லொறியைத் தூக்குகிறது. 4,400 பார் என்றால் கோதின் அடியில் ஐந்து தொன்னுக்கு மேல் தள்ளும், அதைப் பிடித்து நிற்பது, குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டின் முன்னால் இருக்கிற சில இரும்புக் காதுகள். காட்டுப்பூனை செய்கிறவர்களில் பலர் கோதின் விட்டத்தையும் கூட்டி அழுத்தத்தையும் கூட்டுகிறார்கள். விட்டம் கூடினால் அடியின் பரப்பு வர்க்கத்தில் ஏறும். இரும்பு தெரிந்த எவனும் அந்த இடத்தில் கையை ஒருதரம் பின்னால் இழுத்து யோசிப்பான்.

.470 ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யானைக்காக இல்லை. 1907இல் பிரித்தானிய அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களைத் தடைசெய்தது. பழைய மார்ட்டினி ஹென்றிப் பட்டாளத் துவக்குக்கு ரவை கிடைத்து, கிளர்ச்சிக்காரர் கையில் போய்விடும் என்ற பயம். உடனே லண்டன் துவக்குக் கடைகள் எல்லாம் .465, .470, .475 என்று ஒரு நூலளவு கூட்டிக்கூட்டி வந்தன. சட்டத்துக்குப் பயந்து பிறந்த அளவுகள் இன்று வீரப் பெயர்கள்.

16 பெப்ரவரி

நேற்று மகளோடு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனேன். ஒல்லாந்தர் 1765இல் கண்டியிலிருந்து கொண்டுபோய், 2023இல் திரும்பி வந்த லெவ்கே பீரங்கியைப் பார்க்க. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. மகள் கேட்டாள், “இதை யாராவது சுட்டாங்களாப்பா?” மரியாதைக்குச் செய்தது, காட்டுவதற்கு என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் .950 ஜேடிஜே ஞாபகம் வந்தது. விமானப் பீரங்கிக் கோதை வெட்டி ஆக்கியது, ரவை 230 கிராமுக்கு மேல், துவக்கு 36 கிலோவிலிருந்து 50 கிலோ வரை. மூன்றுதான் செய்தார்கள் என்பது கேள்வி. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் காட்டுக்குள் நடக்கப்போவதில்லை. அதை வேட்டைத் தோட்டாப் பட்டியலில் இனிச் சேர்க்காதீர்கள். தொழிலாளியின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் பாருங்கள்.

23 பெப்ரவரி, இரவு 12

என் முதல் குறிப்பில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. தாத்தா சுமந்தது .577 இல்லை.

பண்டாரவளையில் இருக்கிற அத்தையோடு இன்று ஃபோனில் நீண்டநேரம் பேசினேன். .577 என்று நான் எப்படி முடிவுக்கு வந்தேன்? “கொழாய்க்குள்ள சுண்டுவெரல் போகும்” என்று தாத்தா சொன்னதை வைத்து. .577 என்றால் பதினாலரை மில்லிமீற்றருக்கு மேல். என் சுண்டுவிரல் போகும். அதனால் அதுதான் என்று சிறுவயதிலேயே முடிவுகட்டிவிட்டேன், நண்பர்களுக்கும் சொல்லிச் சொல்லி அதையே நம்பினேன்.

அத்தை சொன்னது வேறு: “சுண்டுவெரல் இல்லடா, பெருவெரலே போகும்னு அப்பா சொல்வார். தொடைச்சு வைக்கிறது அவர் வேலைதானே. உள்ள பூரா வழவழன்னு இருக்கும், வாயில மட்டும் வரி வரியா இருக்கும்னு சொல்வார்.”

வாயில் மட்டும் வரி. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். அது பரடொக்ஸ். 1885இல் ஃபொஸ்பரி என்ற பட்டாள அதிகாரி காப்புரிமை எடுத்து, ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் செய்து விற்றது. 12 போர் சன்னத் துவக்குத்தான், குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் ரவையைச் சுழல வைக்கிற வரி வெட்டியிருக்கும். பறவைக்குச் சன்னம் போடலாம், பெரிய மிருகத்துக்கு ஒற்றை ஈய ரவை போடலாம். ஒரே துவக்கோடு காட்டுக்குப் போகிற இந்திய, இலங்கைத் துரைமாருக்கு அது செல்லம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12 போர் பரடொக்ஸின் ரவை ஏறத்தாழ 48 கிராம். டைரனோசோரின் ரவையும் அதே எடைதான். வேகம் மட்டும் வினாடிக்கு 320 மீற்றர் அளவில். சக்தி 2,500 ஜூலுக்கும் கொஞ்சம் கீழே. சிப்பாயின் .303ஐவிடக் குறைவு. நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் யானைத் துவக்கு என்று பேசப்பட்டது இதுதான்.

24 பெப்ரவரி

அந்த யானையின் கதையை இனிச் சொல்லியாக வேண்டும். துவக்கு எது என்று தெரிந்தபிறகு அதை வேறு விதமாகச் சொல்ல முடிகிறது.

1947. வெல்லவாயப் பக்கம் ஆள் கொன்ற யானை ஒன்று. அதைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. துரை போனார், தாத்தா துவக்கையும் ரவைப் பையையும் சுமந்து கூடப் போனார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பின்னேரம் குளத்துக்குப் போகிற பாதையில் யானை எதிரே நின்றது. துரை நெற்றியில் சுட்டார். யானை முன்காலை மடித்து விழுந்தது. கூட வந்தவர்கள் கூவினார்கள். துரை திரும்பி மற்றவரிடம் கைகொடுத்தார். அதற்குள் யானை எழுந்தது. துரை இரண்டாவது குழலைச் சுட்டார், அது தோளில். யானை காட்டுக்குள் போய்விட்டது.

மூன்று நாள் தேடினார்கள். முதல் இரவு அதன் சத்தம் கேட்டது. தாத்தா எப்போதும் இந்த இடத்தில் நிறுத்துவார். “அழுதுச்சுன்னு சொல்ல மாட்டேன். மூச்சுத்தான் விட்டுச்சு. தோட்டத்து ஆசாரி பட்டறையில துருத்தி இழுப்பாரே, அந்த மாதிரி. விடியவிடிய.” மூன்றாம் நாள் குளத்துச் சேற்றில் கண்டார்கள், உயிரோடு. துரை பக்கத்தில் போய்க் காதோரம் சுட்டார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது துரைக்குச் சரியாகச் சுடத் தெரியவில்லை என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது: மெதுவாகப் போகிற மெத்தென்ற ஈயம், தேன்வதை எலும்பில் நசுங்கி மூளைக்கு முன்னாலேயே நின்றிருக்கும். மயக்கியது, கொல்லவில்லை. வத்தளை நண்பர் சொன்ன அந்தச் சில வினாடி துரைக்குக் கிடைத்தது. அவர் அதைக் கைகொடுப்பதில் செலவழித்தார்.

டைரனோசோர் இருந்திருந்தால்? அதே 48 கிராம், கெட்டி ரவையாக, இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் போயிருந்தால் எலும்பைக் கடந்திருக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் பெல்லின் 11 கிராமும் கடந்திருக்கும். .375உம் கடந்திருக்கும். 1912இல் வந்த அந்தத் தோட்டாவைத்தான் ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான மிருகங்களுக்குக் குறைந்தபட்சம் என்று இன்றும் வைத்திருக்கிறார்கள். திடமான தோளுள்ள யாரும் கண்ணை மூடாமல் சுடலாம். கேட்ட வாசகருக்கு என் நேரடிப் பதில் அதுதான்.

2 மார்ச்

“இலங்கையில் இப்போது எந்தத் துவக்கால் யானை சுடுகிறார்கள்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இங்கே யானை வேட்டைக்கு இடமே இல்லை. 1937இன் தாவர விலங்குச் சட்டம் தொடங்கி யானைக்குக் காவல் இருக்கிறது. அதற்கு முந்தின நூற்றாண்டில் வெள்ளைக்கார அரசே தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. 1848க்கு முந்தின மூன்று வருஷத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். மேஜர் ரொஜர்ஸ் ஒருவரே 1,400 என்பார்கள். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில். அந்தக் கல்லறையிலும் இடி விழுந்ததாக எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்று யானைகள் சாவது கட்டுத்துவக்கில், பயிர் காக்கிறவனின் சன்னத்தில், திருட்டு மின்சாரக் கம்பியில், ரயிலில், ஹக்கபட்டாஸில். 2023இல் 400க்கும் மேல். ஹக்கபட்டாஸ் பூசணிக்காய்க்குள் வைக்கிற ஒரு பிடி வெடிமருந்து. பன்றிக்கு வைத்தது என்பார்கள். குட்டி யானை கடிக்கும், தாடை போகும், தின்ன முடியாமல் கிழமைக்கணக்கில் நின்று சாகும். மாமாவின் கரும்புக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை நானே பார்த்தேன். அதன் பக்கத்தில் நின்றபோது கேட்ட மூச்சு தாத்தா சொன்ன அதே துருத்தி.

9 மார்ச்

அத்தை பஸ்ஸில் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். தாத்தா சுண்ணாம்பு வைத்திருந்த பித்தளைக் குப்பி. அவர் இடுப்பில் எப்போதும் இருந்தது. அது வெற்றுக் கோது என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை, வெற்றிலைச் சாமான் என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியரில் அளந்தேன். உடம்பு இருபது மில்லிமீற்றரும் கொஞ்சமும். விளிம்பு இருபத்திரண்டரை. 12 போர். அடியில் ஊசி குத்தின பள்ளம் நடுவில் சுத்தமாக இருக்கிறது. உள்ளே சுண்ணாம்பு கல்லாக இறுகிப்போயிருக்கிறது. சுரண்டி எடுக்கட்டுமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்று வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.